மிளகி பழக்கிய நாய்

குளக்கரையை ஒட்டியிருந்த கடைசி வீட்டில் மிளகி என்றொரு பூனை இருந்தது. சாம்பல் உடம்பில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். அந்த வீட்டின் தெற்கு ஜன்னல் அதனுடையது. ஜன்னல் கட்டையில் படுத்தால் குளம் முழுக்கத் தெரியும். மீன்கொத்தி தண்ணீரில் பாய்வது தெரியும். காலை வெயில் நேராக வயிற்றில் விழும். இதற்கு மேல் ஒரு பூனைக்கு என்ன வேண்டும்?

வீட்டுக்காரி வாசுகி. அவள் கணவன் தனபால். இருவருக்கும் இளகிய மனசு. ஊரில் இருந்த நாய்க் காப்பகத்தில் இடம் போதாமல் போகும்போதெல்லாம் ஒரு நாயைக் கூட்டிவந்து கொஞ்ச காலம் தங்கள் வீட்டில் வைத்திருப்பார்கள். வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று அதைப் பழக்குவார்கள். நல்ல குடும்பம் ஏதாவது வந்து கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்து அனுப்புவார்கள்.

அப்படித்தான் மொச்சை அந்த வீட்டுக்கு வந்தது.

மொச்சை பெரிய நாய். நிறமும் மொச்சைக்கொட்டை நிறம்தான். ஒரு மரக்கடையில் சங்கிலியில் கட்டுண்டு வளர்ந்தது. கடையை மூடிவிட்டுப் போனவர்கள் சங்கிலியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு நாயை விட்டுவிட்டுப் போனார்கள். வீடு என்றால் என்ன, வாசல்படி என்றால் என்ன, ஒன்றும் அதற்குத் தெரியாது.

வந்த அன்றே வாசுகியின் தோளில் இரண்டு கால்களையும் தூக்கி வைத்து அவளைச் சுவரோடு சாய்த்தது. கொடியில் காய்ந்த போர்வையை இழுத்துக் கிழித்தது. குளியலறையில் இருந்த சோப்பைத் தின்றுவிட்டு நுரை நுரையாய் வாந்தி எடுத்தது. தனபாலின் தட்டில் இருந்த தோசையை, அவன் கை வாய்க்குப் போவதற்குள் பறித்துக்கொண்டு ஓடியது.

"இந்த முரடன் பூனையைக் கடிச்சிடப் போறான்!" என்று பயந்தாள் வாசுகி. மிளகியைத் தூக்கிக்கொண்டு போய் அரிசி மூட்டைகள் இருந்த உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஜன்னல் போயிற்று. வெயில் போயிற்று. குளமும் போயிற்று. மிளகிக்கு அழுகையாக வந்தது.

அந்த அறைக்கு மேலே ஒரு சிறிய வெளிச்சத் துவாரம் இருந்தது. அதில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. ஊர்க்கதை எல்லாம் அதற்கு அத்துப்படி. காப்பகத்தின் குப்பைத் தொட்டியில்தான் அதற்குத் தினமும் மதியச் சாப்பாடு.

"என்ன மிளகி, உன்னை உள்ளே வெச்சுப் பூட்டிட்டாங்களா?"

"எல்லாம் அந்தத் தடியனால! அவன் எப்பப் போவான்?"

"எங்கே போறது! ஒழுங்கா நடந்துக்கிற நாயைத்தான் யாராவது வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்க. இவனை யாரு கேப்பாங்க? உன் ஜன்னலை நீ மறந்துட வேண்டியதுதான்!" என்று சிரித்தது காகம்.

மிளகி யோசித்தது. வாசுகி சொல்வது நாய்க்குப் புரியவில்லை. அவள் "உட்காரு, உட்காரு" என்று கத்துகிறாள். அது விளையாட்டு என்று நினைத்துக் குதிக்கிறது. நாய்க்கு நாய் பாஷையில் சொன்னால்தானே புரியும்? மிளகிக்கு நாய் பாஷை தெரியும். இதற்கு முன் வந்துபோன நாய்களிடம் கற்றுக்கொண்டது. 'இவனை நானே பழக்குகிறேன். சீக்கிரம் பழக்கினால் சீக்கிரம் தொலைவான்' என்று முடிவு செய்தது.

மறுநாள் வாசுகி அரிசி எடுக்க வந்தபோது அவள் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே ஓடிவந்தது மிளகி. நேராக மொச்சையின் முன்னால் போய் நின்றது.

"டேய், நில்லுடா!"

மொச்சை நிற்கவில்லை. மிளகியின் மேல் பாய்ந்து அதன் தலையை முழுக்க நக்கியது. மிளகி ஓங்கி ஒரு அறை விட்டது, மூக்கிலேயே.

"ஐயோ! ஏன்க்கா அடிக்கிறே?"

"அக்காவா! நான் உனக்கு அக்காவா! ஏண்டா எல்லார் மேலேயும் விழுறே?"

"விழலைன்னா போயிடுவாங்களே" என்றது மொச்சை. "மரக்கடையில நான் சும்மா படுத்திருந்தேன். எல்லாரும் போயிட்டாங்க."

மிளகிக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் இரக்கப்படுவதற்காக அது வரவில்லை.

"இங்கே பாரு. யாராவது வந்தா கீழே உட்காரு. உன் பின்பக்கம் தரையிலேயே இருக்கணும். நீ உட்கார்ந்தா அவங்க கை தானா உன் தலைக்கு வரும்."

"வரலைன்னா?"

"வரும்டா!"

வாசுகி பிடித்து உள்ளறையில் அடைத்தாலும் மிளகி தினமும் நழுவி வந்து பாடம் நடத்தியது. சொல்வது சுலபமாக இருந்தது. வாசல் மணி அடித்ததுமே மொச்சைக்கு எல்லாம் மறந்துபோகும். பால்காரரைத் தள்ளிப் பால் முழுவதையும் படியில் கொட்ட வைத்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் சிலிண்டரைப் போட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடினார். சாப்பாட்டு நேரம் இன்னும் மோசம். தட்டின் சத்தம் கேட்டால் போதும், கண் தெரியாது, காது கேட்காது.

"வீட்டுக்காரங்க சாப்பிட்ட பிறகுதான்டா நாம சாப்பிடணும்! கொஞ்சம் பொறுக்க மாட்டியா?" என்று கத்தும் மிளகி.

"பொறுத்தா சோறு போயிடும் அக்கா! காப்பகத்துல முதல்ல பாயறவனுக்குத்தான் சோறு. கடைசியில போனவனுக்கு வெறும் தட்டு!"

"இங்கே உன் சோத்தை யாரும் எடுக்க மாட்டாங்கடா!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு பூனைக்கு அது எப்படித் தெரியும்? மிளகி ஒருநாளும் பசியோடு இருந்ததில்லை. பல நாள் சலித்துப்போய்ப் பீரோவின் மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. இவன் தேற மாட்டான். ஜன்னல் கிடைக்காது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். கீழே மொச்சை தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்து, என்ன தவறு என்று தெரியாமல், வாலைக் காலுக்குள் மடக்கிக்கொண்டு மேலே பார்த்தபடி நிற்கும். அந்தப் பார்வைக்காகவே மிளகி மறுபடியும் இறங்கி வரும்.

மழைக்காலம் தொடங்கியது. ஈரத்தில் மிளகிக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்து, கண் ஒட்டி, உடம்பு அனலாய்க் கொதித்தது. வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. வாசுகி மத்தி மீனைப் பிசைந்து வைத்தாள். மிளகி திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளறையில் ஒரு சாக்கில் சுருண்டு கிடந்தது.

வாசுகி மருந்து வாங்கக் கிளம்பினாள். அவசரத்தில் அறைக் கதவைச் சாத்த மறந்துவிட்டாள். மொச்சை உள்ளே வந்தது. தட்டு நிறைய மீன்!

'சரி, தின்னுட்டுப் போகட்டும்' என்று மிளகி கண்ணை மூடிக்கொண்டது.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தது. மொச்சை தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் தரையிலேயே இருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாய் ஒழுகியது. உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனால் தட்டைத் தொடவில்லை.

"என்னடா பண்றே?" என்றது மிளகி, தீனமான குரலில்.

"பொறுத்திருக்கேன்."

"எதுக்கு?"

"வீட்டுக்காரங்க சாப்பிட்ட பிறகுதான் நாம சாப்பிடணும்னு நீதானே சொன்னே. நீ இன்னும் சாப்பிடலையே அக்கா."

"எனக்கு வேண்டாம். நீ தின்னு."

"நீ ஒரு வாய் தின்னு. அப்புறம் நான்."

மிளகி எழுந்தது. வாசனையே தெரியாத அந்த மீனை, நாய்க்காக ஒரு வாய் தின்றது. பிறகு இன்னொரு வாய். வாசுகி திரும்பி வந்தபோது பூனை நாயின் வயிற்றில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. தட்டில், மிளகிக்கென்று மொச்சை விட்டுவைத்த பாதி மீன் அப்படியே இருந்தது.

அன்றைக்குப் பிறகு உள்ளறைக் கதவை யாரும் சாத்தவில்லை. மிளகிக்கு ஜன்னல் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஜன்னல் கட்டையில் இரண்டு பேர் படுக்க இடம் இல்லை. அதனால் மிளகி ஜன்னலுக்குக் கீழே, தரையில், மொச்சையோடு படுத்தது.

அதற்கப்புறம் மொச்சை எதையும் சொன்ன உடனே கற்றுக்கொண்டது. பொறுத்தால் சோறு போகாது என்று அதன் வயிற்றுக்கே புரிந்துவிட்டது. மணி அடித்தால் ஓடிப்போய் உட்கார்ந்தது. கை தானாகத் தலைக்கு வந்தது! பால்காரர்கூட ஒருநாள் பயந்து பயந்து அதன் காதைத் தடவினார். தெருவில் கயிற்றை இழுக்காமல் வாசுகியின் நடைக்கு ஏற்ப நடந்தது.

"என்னங்க, இவனா அவன்? என்னால நம்பவே முடியலை!" என்று பூரித்தாள் வாசுகி.

"காப்பகத்துல சொல்லிடலாம். இவன் தயார்" என்றான் தனபால்.

ஜன்னலடியில் படுத்திருந்த மிளகியின் காது விறைத்தது.

அந்த வாரமே ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் ஒரு சின்னப் பெண். அந்தப் பெண்ணின் பெயர் இதழினி. மொச்சை அவள் முன்னால் போய் உட்கார்ந்தது. அவள் குந்தி அமர்ந்து அதன் காதோடு என்னவோ பேசினாள். மொச்சை வாலால் தரையைப் பெருக்கியது.

"எங்க வீட்டுப் பின்னால பெரிய தோப்பு இருக்கு. இவன் நாள் பூரா ஓடலாம்" என்றார் அவள் அப்பா. "ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறோம்."

அவர்கள் போனதும் மிளகிக்கு நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. இதற்காகத்தானே பாடுபட்டது? இந்த நாய் போக வேண்டும் என்றுதானே எல்லாம் சொல்லிக்கொடுத்தது? இப்போது போகப்போகிறது. மிளகிக்குத் தாங்கவில்லை.

"டேய் மொச்சை, அந்த வீட்டுக்குப் போறியா?"

"நல்ல பாப்பா அக்கா! அவ கை மாங்காய் வாசனை அடிச்சுது. நீயும் வருவேதானே?"

"நான் எப்படி வருவேன்? உன்னை மட்டும்தான் கூட்டிட்டுப் போவாங்க."

மொச்சையின் வால் நின்றது. "அப்ப நான் போகலை."

மிளகி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே போனது. "அதுக்கு ஒரு வழி இருக்கு. ஞாயிற்றுக்கிழமை அவங்க வரும்போது நீ உட்காராதே. பழையபடி பாய்! குரை! இழு! அவங்க பயந்து போயிடுவாங்க. நீ இங்கேயே இருக்கலாம்."

"நீதானே அக்கா அதெல்லாம் தப்புன்னு சொன்னே?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். யார் உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தாலும் இதையே செய். அப்பத்தான் நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருக்க முடியும்!"

ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தில் இருந்த காகம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. மிளகி வெளியே வந்ததும் பறந்து கீழே வந்தது.

"மிளகி, இது சரியில்லை. காப்பகத்தை நான் தினம் பார்க்கிறவ. கெட்ட பேர் வாங்கின நாய்க்கு அங்கே கம்பிக்கூண்டுதான். ஆயுசுக்கும் வெளியே வராது!"

"வாசுகி அப்படி அனுப்ப மாட்டா! அவளுக்கு இவன் மேல உயிர்!"

"ஊரார் பயப்படற நாயை அவ எப்படி வெச்சுக்குவா?"

"உனக்கு என்ன தெரியும்? போ!" என்று சீறியது மிளகி. காகம் பறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இதழினி கையில் ஒரு புதிய சிவப்புக் கழுத்துப் பட்டையோடு வாசலில் நின்றாள். "மொச்சை!" என்று கூப்பிட்டாள்.

மொச்சை மிளகியைப் பார்த்தது. அதன் பின்பக்கம் தானாகத் தரையை நோக்கி இறங்கியது.

"உட்காராதே!" என்று கத்தியது மிளகி. "பாய்!"

மொச்சை பாய்ந்தது. பெரிய உடம்பு அது. சின்னப் பெண் பக்கவாட்டில் சரிந்து வாசல்படியின் விளிம்பில் மோதினாள். நெற்றிக்கு மேலே பிளந்து ரத்தம் கொட்டியது. அவள் அம்மா அலறினாள். அப்பா பிள்ளையை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினார். அந்தச் சிவப்புப் பட்டை ரத்தத்திலேயே கிடந்தது.

மொச்சை அதை முகர்ந்து பார்த்தது. பிறகு மிளகியிடம் திரும்பி, "சரியாச் செஞ்சேனா அக்கா?" என்று கேட்டது.



பிள்ளைக்குத் தையல் போட்டார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் செய்தி தெரு முழுக்கப் பரவியது. பால்காரர் வாசலுக்கு வர மறுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி வந்து நின்றார்கள். வாசுகி அழுதுகொண்டே இருந்தாள்.

"நான்தாங்க தப்புப் பண்ணிட்டேன். பழகிட்டான்னு நம்பிட்டேன்."

"உன் மேல தப்பில்லை வாசுகி. சில நாய்ங்க மாறாது" என்று சொல்லிவிட்டுத் தனபால் காப்பகத்துக்கு போன் செய்தான்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. காக்கிச் சட்டை போட்ட இருவர் இறங்கினார்கள். மொச்சை அவர்களைப் பார்த்தது. தன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று அதற்குப் புரிந்தது. அக்கா சொன்னபடி செய்ய வேண்டியதுதான்!

குரைத்தது. பாய்ந்தது. ஒருவரின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தது.

"வேண்டாம்டா! உட்காரு! உட்காருடா!" என்று மிளகி தொண்டை கிழியக் கத்தியது. மொச்சையின் குரைப்பிலேயே அந்தச் சத்தம் அமுங்கிப்போயிற்று. நீளக் கம்பின் நுனியில் இருந்த சுருக்கு நாயின் கழுத்தில் விழுந்தது. இறுகியது. நான்கு கால்களும் மண்ணில் கோடு கிழிக்க, அதை இழுத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றினார்கள்.

மிளகி ஓடிப்போய் வாசுகியின் சேலையைப் பற்றி ஏறியது. "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்! அவன் மேல தப்பில்லை! அவன் நல்லவன்! நான் சொன்னதைத்தான் செஞ்சான்! அவனை விடச் சொல்லு!"

வாசுகியின் காதில் அது "மியாவ்" என்றுதான் விழுந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"உனக்கும் பசிக்குதா? காலையிலேருந்து உன்னைக் கவனிக்கவே இல்லையே" என்று சொல்லிச் சமையலறைக்குப் போய், ஒரு தட்டில் மீன் கொண்டுவந்து வைத்தாள்.

வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

மிளகி பல நாள் வீட்டு மதில் மேலேயே உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஒருநாள் காகம் வந்தது. இந்த முறை அது சிரிக்கவில்லை.

"பார்த்தியா அவனை?" என்று பதறியது மிளகி. "எப்படி இருக்கான்?"

"கம்பிக்கூண்டில இருக்கான். பாதி உடம்பு ஆயிட்டான். ஆனா உன்னைப் பத்தித்தான் பேசறான்."

"யாருமே அவனைக் கேட்டு வரலையா?"

"வர்றாங்க மிளகி. அவன் முகத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வர்றாங்க. யாராவது கூண்டுகிட்ட வந்தாப் போதும், பாயறான், குரைக்கிறான், கம்பியைக் கடிக்கிறான். பயந்து போயிடறாங்க. 'பாரு, யாரையும் என்னைக் கூட்டிட்டுப் போக விடலை. அக்கா சொன்னபடியே இருக்கேன். அக்கா என்னைக் கூப்பிட்டுக்குவா'ன்னு என்கிட்ட பெருமையாச் சொல்றான்."

மிளகியின் உடம்பு மதிலோடு ஒட்டிக்கொண்டது.

"போ காக்கா! இப்பவே போ! அக்கா தப்பாச் சொல்லிட்டான்னு சொல்லு! யாராவது வந்தா உட்காரச் சொல்லு! அவங்களோட போகச் சொல்லு!"

காகம் போனது. வெயில் சாயும் நேரத்தில் திரும்பி வந்து மதிலில் உட்கார்ந்தது. தலையைத் தூக்கவே இல்லை.

"சொன்னேன். நம்பலை. 'என்னை ஏமாத்தப் பார்க்கிறே. அக்கா அப்படிச் சொல்லவே மாட்டா. சொல்றதா இருந்தா அக்காவே வந்து சொல்லட்டும்'ங்கிறான்."

காப்பகம் ஊரின் மறுகோடியில், நெடுஞ்சாலைக்கு அப்பால் இருந்தது. மிளகி அன்றைக்கே கிளம்பியது. லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும் அந்த நெடுஞ்சாலை வரைக்கும் போனது. காலை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. ஜன்னலில் வளர்ந்த பூனை அது. கடக்க முடியவில்லை. அக்கரையிலிருந்து காற்றில் ஒரு குரைப்பு வந்தது. அது மொச்சையின் குரல்தான். இங்கிருந்து மிளகி கூப்பிட்ட குரலை ஒவ்வொரு லாரியும் நசுக்கிக்கொண்டு போனது.

மறுநாளும் போனது. அதற்கு மறுநாளும் போனது. ஒருநாள் குரைப்பு வரவில்லை. அதன் பிறகு ஒருநாளும் வரவில்லை. என்ன ஆயிற்று என்று காகத்திடம் கேட்க மிளகிக்குத் தைரியம் வரவில்லை. காகமும் தானாகச் சொல்லவில்லை.

வாசுகி அதற்குப் பிறகு எந்த நாயையும் கூட்டி வரவில்லை.

பிரிய மனமில்லாமல் ஒருவருடைய நல்ல வழியை அடைப்பவர், அவரையும் இழப்பார், அவர் வாழ்வையும் கெடுப்பார்.